தப்பைப் பார்த்தவரே திருத்தட்டும்

பள்ளிப்பட்டில் கல்லூரி மாணவர்களும், சேவை மையம் நடத்துபவர்களும், நெசவாளர் குடும்பத்தினரும் கலந்துகொண்ட கூட்டத்தில், இவ்வூரில் பிறந்து சென்னையில் பணிபுரியும் மென்பொருள் பொறியாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.

முன்வரிசையில் என் அத்தை உட்கார்ந்திருக்காங்க. அவங்களைப் பற்றிப் பேசப் போறேன்னு முன்னாடியே சொல்லி அனுமதி வாங்கிட்டேன். "பேரு மட்டும் சொல்லாதப்பா"ன்னு சொன்னாங்க. சொல்ல மாட்டேன். ஆனால் பேரைப் பற்றித்தான் இன்றைய பேச்சே.

மாமா தறி ஓட்டியவர். உயிரோடு இருக்கும்போது ஒரு காப்பீடு எடுத்து, வாரிசாக அத்தையின் பெயரைக் கொடுத்திருந்தார். அவர் காலமான பிறகு அந்தப் பணத்துக்கு விண்ணப்பித்தோம். திரும்பி வந்துவிட்டது. காரணம் ஒரு எழுத்து. அத்தையின் இனிஷியல் 'எஸ்'. ஆதாரில் அப்படித்தான் இருக்கிறது. காப்பீட்டுப் பத்திரத்தில் 'எஸ் எஸ்' என்று இரண்டு முறை இருந்தது. இருவரும் ஒருவரே என்று நிரூபியுங்கள் என்றார்கள்.

வேலைக்குப் போகாமல் திருத்தணிக்கும் சென்னைக்கும் எத்தனை பஸ் ஏறினாங்கன்னு அத்தையைக் கேட்டால் சொல்வாங்க. நோட்டரி பத்திரம், சான்றிதழ், மறுபடி ஒரு கடிதம். பணம் கைக்கு வர ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் வட்டிக்கு வாங்கித்தான் வீடு ஓடியது.

பத்திரத்தில் ஏன் இரண்டு 'எஸ்'? பெயரை நிரப்பும் படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்று நிரலில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு எழுத்து போட்டால் கட்டம் சிவப்பாகிவிடும், அடுத்த பக்கம் போகாது. அதனால் நிரப்பியவர் அதே எழுத்தை இரண்டு முறை அடித்துவிட்டார்.

அந்தப் படிவத்தைச் செய்தது நான் வேலை செய்த நிறுவனம் இல்லை. ஆனால் நாங்கள் செய்த படிவத்திலும் அதே கோளாறு இருந்தது. "இனிஷியல் ஏற்கவில்லை என்றால் அதே எழுத்தை இரண்டு முறை உள்ளிடவும்" என்ற உதவிக் குறிப்பை எழுதியவன் நான்தான். அத்தை அலைந்தபோதுதான் எனக்கு உறைத்தது, என் குறிப்பால் எத்தனை வீட்டில் இப்படி அலைந்திருப்பார்கள் என்று.

கோளாறு தெரியும், கை எட்டாது

தெரிஞ்சிருந்தும் நீ ஏன் திருத்தலைன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி.

அந்தப் பெயர்க் கட்டத்தின் நிரல் எங்கள் குழுவுடையது இல்லை. அதே நிறுவனத்தில், வேறொரு நாட்டில் இருக்கும் குழுவுடையது. அதைத் திறந்து பார்க்கக்கூட எங்களுக்கு அனுமதி கிடையாது. கோரிக்கை அனுப்பினேன். அடுத்த காலாண்டில் பார்க்கலாம் என்று பதில் வந்தது. அடுத்த காலாண்டிலும் அதே பதில். அவர்கள்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அவர்களிடம் இதுபோல நூற்றுக்கணக்கான கோரிக்கை வரிசையில் நின்றது. குடும்பப் பெயரே இல்லாமல் அப்பா பெயரின் முதல் எழுத்தோடு கோடிக்கணக்கானவர்கள் வாழ்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியவும் தெரியாது.

நமக்கோ அது பிறந்ததிலிருந்து தெரியும். நம்ம ஊருக்கு இன்னும் கூடுதலாகத் தெரியும். 1960 ஏப்ரல் 1 அன்றுதான் திருத்தணியும் பள்ளிப்பட்டும் சித்தூர் மாவட்டத்திலிருந்து அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தன. எல்லை மாறியது, உறவு மாறவில்லை. நகரியில் இருக்கும் சொந்தக்காரர்கள் வீட்டுப் பெயரை, அதாவது 'இண்டி பேரு'வை, முன்னால் வைத்து எழுதுவார்கள். இங்கே இருப்பவர்கள் ஒரே எழுத்து இனிஷியல். ஒரே குடும்பத்தில் இரண்டு வழக்கம். ஒரு பெயர்ப் படிவம் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க, உலகத்திலேயே நம்ம ஊரைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால் சோதிக்கத் தெரிந்தவர் ஓரிடம், திருத்தும் உரிமை உள்ளவர் வேறிடம்.

அதற்குள் எங்கள் நிறுவனத்திலேயே மூன்று குழுக்கள் மூன்று குறுக்குவழி கண்டுபிடித்துவிட்டன. ஒருவர் இனிஷியலுக்குப் பின்னால் புள்ளி வைத்தார். ஒருவர் அப்பா பெயரை முழுசாகக் கேட்டார். நான் இரண்டு முறை அடிக்கச் சொன்னேன். கடைசியில் ஒரே நிறுவனத்தில் ஒரே ஆளுக்கு மூன்று பெயர்!

உங்கள் போனுக்குள் இருக்கும் பாடம்

கையில் இருக்கும் போனை எடுங்க. செட்டிங்ஸ் போய், அபவுட் ஃபோன் என்ற பகுதியைத் திறந்து பாருங்க. ஆண்ட்ராய்டு போனாக இருந்தால் கெர்னல் வெர்ஷன் என்று ஒரு வரி இருக்கும். அந்தக் கெர்னல்தான் லினக்ஸ். 1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் எழுத ஆரம்பித்தது. எழுதியதைப் பூட்டி வைக்காமல், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம் என்று இணையத்தில் வைத்தார். முன்பின் பார்த்திராத ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து அதை வளர்த்தார்கள். இதைத்தான் ஓப்பன் சோர்ஸ், திறந்த மூலம் என்கிறோம்.

யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றால் கெட்டுப் போகாதா? ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் நடக்கும் அன்னதானத்தை நினைச்சுப் பாருங்க. காய் நறுக்க யார் வேண்டுமானாலும் உட்காரலாம். அரிசி களைய, இலை போட, தண்ணீர் ஊற்ற யார் வந்தாலும் சரி. ஆனால் சாம்பாரில் உப்பு போடுவது ஒரே ஒருவர்தான். தலைமைச் சமையல்காரர். நீங்க நறுக்கின காய் சரியில்லைன்னா, இன்னும் கொஞ்சம் பொடிசா நறுக்குங்கன்னு சொல்லித் திருப்பிக் கொடுப்பார்.

திறந்த மூலமும் அப்படித்தான். திருத்தத்தை யாரும் அனுப்பலாம். சேர்க்கலாமா என்று முடிவு செய்வது பொறுப்பாளர். சரியில்லை என்றால் ஏன் என்று எழுத்தில், எல்லோரும் பார்க்கும்படி சொல்வார். அடுத்து வருபவர் அதைப் படித்தே கற்றுக்கொள்வார்.

பெரிய நிறுவனங்கள் முதலில் இதைக் கண்டு மிரண்டன. 2001-ல் மைக்ரோசாஃப்ட்டின் தலைவராக இருந்த ஸ்டீவ் பால்மர் லினக்ஸைப் புற்றுநோயோடு ஒப்பிட்டுப் பேசினார். அதே மைக்ரோசாஃப்ட் 2018-ல், திறந்த மூலக்காரர்கள் கூடும் கிட்ஹப் தளத்தை 750 கோடி டாலர் கொடுத்து வாங்குவதாக அறிவித்தது. 17 வருஷத்தில் இவ்வளவு மாற்றம்.

மதிலுக்குள்ளே திறந்த கதவு

இங்கேதான் இன்னொரு யோசனை பிறந்தது. எல்லா நிறுவனமும் தன் நிரலை உலகத்துக்கே திறக்க முடியாது. தொழில் ரகசியம் இருக்கும். ஆனால் தன் சொந்த ஊழியர்களுக்கு ஏன் பூட்ட வேண்டும்? வெளியே வாசல் பூட்டியே இருக்கட்டும், உள்ளே அறைக்கு அறை இருக்கும் கதவைத் திறப்போம் என்பதுதான் அந்த யோசனை. 2000-ல் டிம் ஓ'ரைலி என்ற பதிப்பாளர் இதை இன்னர் சோர்ஸ் என்று அழைத்தார். உள் திறந்த மூலம் என்று வைத்துக்கொள்வோம்.

அமெரிக்காவின் லூசென்ட் நிறுவனத்தில், இணையம் வழியாகப் போன் அழைப்பை இணைக்கும் ஒரு மென்பொருளை இப்படி வளர்த்தார்கள். மற்றக் குழுக்கள் அதை எடுத்துப் பயன்படுத்தி, தங்கள் திருத்தங்களைத் திருப்பிக் கொடுத்தன. அந்த அனுபவத்தை விஜய் குர்பானியும் அவருடைய சகாக்களும் 2006-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம், நம்ம கோயம்புத்தூரிலும் பெரிய மென்பொருள் மையம் வைத்திருக்கிறதே, அது 2009-ல் தனக்குள் இந்த முறையைச் சோதனையாகத் தொடங்கியது. சென்னையிலும் பெங்களூரிலும் பொறியாளர்களை வைத்திருக்கும் பேபால் நிறுவனமும் இதை எடுத்துக்கொண்டது. அங்கே இதை முன்னெடுத்த டேனீஸ் கூப்பர், பல நிறுவனத்தினரும் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ள 2015-ல் இன்னர் சோர்ஸ் காமன்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார்.

இந்த முறைக்கு நாலு விஷயம் போதும். ஒன்று, நிரல் நிறுவனத்துக்குள் எல்லோர் கண்ணுக்கும் தெரிய வேண்டும். இரண்டு, எப்படித் திருத்தி அனுப்புவது என்று வாசலிலேயே ஒரு குறிப்பு எழுதி வைக்க வேண்டும். மூன்று, வருகிற திருத்தத்தைப் பார்க்கப் பெயர் சொல்லி ஒரு பொறுப்பாளர் வேண்டும். நான்கு, பேச்செல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். டீக்கடையில் பேசி முடித்தால் அடுத்தவருக்குத் தெரியாது.

ஒரே ஒரு எண்

எங்கள் நிறுவனத்திலும் ஒருநாள் இந்தக் கதவு திறந்தது. பெயர்க் கட்டத்தின் நிரலை முதல்முறையாகப் பார்த்தேன். திருத்த வேண்டியது ஒரே ஒரு எண். 2 என்று இருந்த இடத்தில் 1. அந்த ஒரு எண்ணுக்காக ஒன்றரை வருஷம் காத்திருந்தோம்.

மாற்றி அனுப்பினேன். அப்படியே சேர்த்துவிடுவார்கள் என்று நினைத்தேன். பொறுப்பாளராக இருந்த அம்மா மூன்று கேள்வி எழுதி அனுப்பினார். இனிஷியலும் இல்லாமல் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர் என்ன செய்வார்? இது சரியாக வேலை செய்கிறது என்பதற்குச் சோதனை எங்கே? ஏற்கெனவே இரண்டு முறை அடித்துப் பதிவானவர்களின் கதி என்ன?

மூன்றாவது கேள்வி என்னைச் சுட்டுவிட்டது. புதிதாக வருபவர்களை மட்டும்தான் யோசித்திருந்தேன். பழைய தப்போடு பத்திரம் வைத்திருப்பவர்களை, அத்தையைப் போன்றவர்களை, நான் மறந்தே போய்விட்டேன். அந்த அம்மாவின் யோசனைப்படி, இரட்டை எழுத்தோடு இருக்கும் பதிவுகளை எல்லாம் தனியாகப் பிரித்து, அவரவரிடம் கேட்டுத் திருத்த ஏற்பாடு செய்தோம். 11 நாளில் எல்லாம் முடிந்தது. மற்ற இரண்டு குழுக்களும் தங்கள் குறுக்குவழியைக் கைவிட்டன.

கதவைத் திறந்ததால் என் திருத்தம் உள்ளே போனது உண்மை. அதைவிட முக்கியம், என் கண்ணுக்குத் தெரியாத தப்பை இன்னொருவர் பார்த்தார். தனியாகத் திருத்தியிருந்தால் பாதிதான் திருத்தியிருப்பேன்.

எங்கே இது தோற்கும்?

எல்லா இடத்திலும் இது ஜெயிக்கும் என்று சொல்ல மாட்டேன். கதவைத் திறந்துவிட்டு, திருத்தத்தைப் பார்க்க ஆள் போடாத இடத்தில் தோற்கும். பொறுப்பாளருக்கு ஏற்கெனவே இருக்கும் வேலை குறையாமல் இதையும் தலையில் கட்டினால் தோற்கும். அடுத்த குழுவின் நிரலைத் திருத்த என் ஆள் ஏன் நேரம் செலவிட வேண்டும் என்று மேலாளர் தடுத்தால் தோற்கும். தன் நிரலை மற்றவர் பார்த்துக் குறை சொல்வார்களோ என்ற கூச்சமும் பெரிய தடைதான். எனக்கும் இருந்தது.

இன்னொரு பயம் பொதுமக்களிடம் இருக்கிறது. நிரலைத் திறந்தால் நம்ம ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் வெளியே போய்விடுமா? போகாது. நிரல் என்பது சமையல் குறிப்பு மாதிரி. குறிப்பைக் காட்டினால், நேற்று யார் சாப்பிட்டார்கள் என்ற பட்டியல் வெளியே வராது. நிரல் வேறு, மக்களின் தகவல் வேறு. கடவுச்சொல்லையும் தகவலையும் நிரலுக்குள் எழுதி வைக்கும் கெட்ட பழக்கம் இருந்தால்தான் ஆபத்து. அந்தப் பழக்கத்தை ஒழித்த பிறகே கதவைத் திறக்க வேண்டும்.

அரசாங்கமும் ஒரு பெரிய நிறுவனம்தான்

நிறுவனத்தின் கதை நமக்கு எதுக்குன்னு சிலர் நினைக்கலாம். நமக்குத் தெரிந்ததிலேயே பெரிய நிறுவனம் அரசாங்கம். அங்கேயும் துறைக்குத் துறை ஒரு செயலி, ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்க் கட்டம். ஒரு துறை சரியாக எழுதியதை இன்னொரு துறை எடுத்துக்கொண்டால் எவ்வளவு நல்லது!

மத்திய அரசு 2015-ல் இரண்டு கொள்கைகளை வெளியிட்டது. ஒன்று, அரசுத் துறைகள் திறந்த மூல மென்பொருளைப் பயன்படுத்துவது பற்றி. மற்றொன்று, அரசுச் செயலிகளின் நிரலைத் திறந்து, பலரும் சேர்ந்து மேம்படுத்துவது பற்றி. அதற்காக ஓப்பன்ஃபோர்ஜ் என்ற தளமும் வந்தது. கொரோனா காலத்தில் 2020 ஏப்ரல் 2 அன்று வந்த ஆரோக்கிய சேது செயலியை நினைவிருக்கும். அதன் ஆண்ட்ராய்டு நிரலை மே 26 அன்று பொதுவில் திறந்தார்கள். குறை கண்டுபிடித்துச் சொல்பவர்களுக்குப் பரிசும் அறிவித்தார்கள். தப்பு சொன்னால் பரிசு! அரசு அலுவலகத்தில் இது புது வழக்கம்.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. சென்னையில் உள்ள சி-டாக் மையம் லினக்ஸை அடிப்படையாக வைத்து பாஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கியது. பள்ளியில் விலையில்லா மடிக்கணினி வாங்கியவர்களில் பலர் அதைத் திரையில் பார்த்திருப்பீர்கள். விண்டோஸை மட்டும் திறந்துவிட்டு அதை எட்டிக்கூடப் பார்க்காமல் விட்டவர்களில் நானும் ஒருவன்!

நாம் செய்யக்கூடியது

முதலில் பெயர் விஷயம். எந்தப் படிவமாவது உங்கள் இனிஷியலை ஏற்கவில்லை என்றால், தயவுசெய்து எழுத்தை இரண்டு முறை அடிக்காதீங்க. புள்ளி, கோடு எதையும் நீங்களாகச் சேர்க்காதீங்க. ஆதாரில் இருப்பது போலவே மற்ற எல்லாவற்றிலும் இருக்க வேண்டும். ஆதாரிலேயே தப்பு இருந்தால் யோசித்துத் திருத்துங்க. அதில் பெயரை வாழ்நாளில் 2 முறைதான் பொதுவாகத் திருத்த முடியும். வீட்டில் இருக்கும் காப்பீடு, வங்கி, பட்டா, குடும்ப அட்டை எல்லாவற்றையும் இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்து, பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்க. வாரிசுப் பெயரைக் கட்டாயம் பாருங்க. சம்பந்தப்பட்டவர் உயிரோடு இருக்கும்போது திருத்துவது சுலபம்.

இரண்டாவது, குறையைச் சொல்லும் விதம். "ஆப் வேலை செய்யலை" என்று மட்டும் எழுதினால் யாராலும் திருத்த முடியாது. எந்தச் சேவை, எந்தப் பக்கம், என்ன உள்ளிட்டீர்கள், திரையில் என்ன செய்தி வந்தது, என்ன வந்திருக்க வேண்டும். இந்த ஐந்தும் இருந்தால் திருத்துபவருக்குப் பாதி வேலை முடிந்தது. திரைப்படம் எடுத்து அனுப்பும்போது ஆதார் எண்ணையும் போன் எண்ணையும் மறைத்துவிடுங்க. மாநில அரசுச் சேவை என்றால் 1100 என்ற உதவி எண் இருக்கிறது. ஒப்புகை எண்ணை மறக்காமல் குறித்து வைத்துக்கொள்ளுங்க.

சேவை மையம் நடத்துபவர்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். ஒரு நாளைக்கு இத்தனை பேருக்கு விண்ணப்பம் போடுறீங்க. எந்தக் கட்டத்தில் எல்லோரும் மாட்டுறாங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும். குறுக்குவழி கண்டுபிடிப்பதோடு நிறுத்தாதீங்க. ஒரு நோட்டுப் போட்டு எழுதி வைத்து, மாதம் ஒருமுறை மேலே அனுப்புங்க. குறுக்குவழி இன்று ஒருவரைக் கரையேற்றும், பிறகு அவர் வாரிசைத் தடுக்கும். அனுபவத்தில் சொல்றேன்.

மூன்றாவது, மாணவர்களுக்கு. வேலைக்குப் போனபிறகுதான் இதெல்லாம் கற்க வேண்டும் என்பதில்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தில் உங்கள் குக்கிராமத்தின் பெயரும் தெருவும் இருக்கிறதா என்று பாருங்க. இல்லையென்றால் நீங்களே சேர்க்கலாம். ஃபயர்பாக்ஸ், லிப்ரெஆபீஸ் போன்ற மென்பொருள்களைத் தமிழாக்குவது தன்னார்வலர்கள்தான். தெலுங்கும் தெரிந்த பிள்ளைகள் நம்ம ஊரில் நிறைய. இரண்டு மொழிக்கும் கை கொடுக்கலாம். கிட் என்ற கருவியை இலவசமாகக் கற்கலாம். திருத்தம் அனுப்புவது, திருப்பி அனுப்பப்படுவது, மறுபடி சரிசெய்து அனுப்புவது, இந்தப் பழக்கம் இருப்பவரைப் பெரிய நிறுவனங்கள் தேடுகின்றன.

முடிக்கிறேன். இந்தப் பேச்சைப் பற்றி அத்தையிடம் சொன்னபோது, அவங்க கேட்டது ஒன்றுதான்: "அந்த ரெண்டு எழுத்தை ஒண்ணா மாத்த முடியும்னு உனக்கு முன்னாடியே தெரியுமாப்பா?" தெரியும் அத்தை. கையில் சாவி இல்லாமல் இருந்தது. ஆனால் சாவி கேட்டு இன்னும் பலமாகக் கதவைத் தட்டியிருக்கலாம். தட்டாமல் குறுக்குவழி எழுதினேன்.

இங்கே இருக்கும் பிள்ளைகளில் சிலர் நாளைக்கு ஏதோ ஒரு பெரிய நிறுவனத்தில், ஏதோ ஒரு அரசுத் துறையில், ஒரு கட்டத்துக்குப் பொறுப்பாளராக உட்காருவீங்க. அன்று வெளியே நின்று தட்டுபவரின் சத்தம் உங்களுக்குக் கேட்கணும். அதுதான் என் வேண்டுகோள்.